குடிக்காமல் தள்ளாடிய காலம்

"வாயை ஊதுடா."

போலீஸ்காரர் தன் மூக்கை என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார். ஊதினேன். காலையில் குடித்த சுக்குக் காப்பியின் காரம்தான் வந்திருக்கும். அவர் முகத்தில் ஏமாற்றம். "இன்னொருக்கா ஊது" என்றார். மறுபடியும் ஊதினேன்.

புதுச்சத்திரத்தில் டீக்காக வண்டி நின்றிருந்தது. சித்திரை மாதத்து உச்சி வெயில். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. நான் அந்த வண்டியின் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கழுத்தில் விசில். படியிலிருந்து இறங்கி டீக்கடைக்குப் போவதற்குள் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஓரமாக நின்ற கரும்பு வண்டியின் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துத்தான் விழாமல் நின்றேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"நான் குடிக்கலீங்க சார்" என்றேன். அதைச் சொன்ன நாக்கும் குழறியது.

"நாக்கே பெரளல. குடிக்கலியாம்" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. என் வண்டியில் தினமும் வருகிற வாத்தியார் ஒருவர் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சிரித்தவர்களை மறந்துவிட்டேன். அவர் முகம் திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது.

மதுவிலக்குச் சீமை

சேலம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது நான் சிறுவனாக இருந்தபோதே. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எங்கள் பக்கத்தில் கள்ளுக்கடை என்பது பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். அதற்காகக் குடிப்பவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. கரட்டோரம், ஓடைக்குள், கரும்புக் காட்டுக்குள் என்று காய்ச்சத்தான் செய்தார்கள். அதனால் ரோட்டில் ஒருவன் சாய்ந்து நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம். காய்ச்சலா, பசியா, மயக்கமா என்றெல்லாம் யாரும் யோசிப்பதில்லை.

போதாக்குறைக்கு நான் வேதக்காரன், கிறிஸ்தவன். "அவங்க கோயில்லயே ஒயினு குடுப்பாங்களாமில்ல" என்று டீக்கடைக்காரர் ஒரு தடவை கேட்டார். அந்தக் காலத்துப் பூசையில் ஒயின் குடிப்பவர் சாமியார் ஒருவர்தான். எங்கள் நாக்கில் வைப்பது காகிதம் போல மெல்லிய அப்பம். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் முதலாளி வந்துவிட்டார். நாச்சிமுத்து முதலாளிக்கு எருமப்பட்டிப் பக்கம் பரம்பரைத் தோட்டம். விவசாயத்தோடு இரண்டு பஸ்ஸும் ஓட்டினார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். உள்ளே போய்த் தணிந்த குரலில் ஏதோ பேசி, வழக்கு இல்லாமல் என்னை வெளியே கொண்டுவந்தார். வேப்பமரத்தடியில் நிறுத்தி,

"சவரி, உம்மேல எனக்குக் கோவமில்ல சாமி. ஆனா பஸ்ஸுல பொம்பளைங்க, கொழந்தைங்க வாராங்க. பையக் குடுத்துரு" என்றார்.

"நான் குடிக்கலீங்க."

"செரி, குடிக்கல. பையக் குடு."

வழக்கு இருந்திருந்தால் ஒரு நீதிபதியாவது என்னை விசாரித்திருப்பார். வழக்கு இல்லாததால் நான் குடிகாரன் என்பது விசாரணையே இல்லாமல் முடிவாகிவிட்டது.

கண்ணில் இறங்கிய பனி

கதை அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே தொடங்கியிருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

முதலில் இடது கண். ஒரு நாள் விழியைத் திருப்பினால் உள்ளே வலித்தது. சில நாட்களில் அந்தக் கண்ணுக்கு முன்னால் பனி இறங்கியது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. டிக்கெட் வாங்கக் கை நீட்டிய ஒரு பெண்ணின் சிவப்புச் சேலை, வலது கண்ணுக்குச் சிவப்பாகவும் இடது கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகவும் தெரிந்தது. மாறி மாறிக் கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தப் பெண் நான் கண்ணடிப்பதாக நினைத்து முறைத்ததையும் சொல்லிவிட வேண்டும்.

என் மனைவி அருளாயி சேலத்துக்காரி. தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். எதற்கும் பதறாதவள், அன்று பதறினாள். குகை போலக் கட்டியிருந்த மாதா கெபிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். ஈஸ்டருக்குள் பனி விலகிவிட்டது. மாதாதான் கண்ணைத் திறந்தாள் என்று வர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். விஷயத்தையும் அத்தோடு மறந்தோம்.

பிறகு கோயிலில் ஒரு அதிசயம். நடுப்பூசையில் மணி அடித்ததும் எல்லாரும் தலை குனிவோம். ஒரு ஞாயிறு நான் குனிந்தேன். பிடரியில் தொடங்கிய ஒரு மின்சாரம் முதுகு வழியாக இறங்கிக் கணுக்கால் வரை ஓடியது. நிமிர்ந்தேன், நின்றது. குனிந்தேன், மறுபடி ஓடியது. என்ன பாவம் செய்தோம் என்று அன்று முழுக்க யோசித்தேன். சில வாரங்களில் அதுவும் தானாகப் போய்விட்டது.

வந்து வந்து போனதுதான் என்னை ஏமாற்றியது. நோவு என்றால் வந்தால் தங்கும், இல்லாவிட்டால் கொல்லும். இப்படி விருந்தாளி மாதிரி வந்து போகிற ஒன்றை நோவு என்று எப்படி நினைப்பது?

பஸ்ஸுக்குள் எல்லாரும் தள்ளாடுவார்கள்

கடைசியில் கால்களுக்கு வந்தது. தரை முழுக்கப் பஞ்சு பரப்பியது போல ஆனது. ஒரு நாள் நாமக்கல்லில் இறங்கி வெகுதூரம் நடந்த பிறகு, "கண்டக்டரே, இன்னொரு செருப்பு எங்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. வெயிலில் கொதிக்கிற மண்ணும் சுடவில்லை.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நாட்களில் எனக்குப் பத்திரமான இடம் ஓடுகிற பஸ்தான். ஓடுகிற பஸ்ஸுக்குள் எல்லாரும் தள்ளாடுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சாய்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வண்டி நின்றால்தான் எனக்குப் பயம்.

டிரைவர் செல்லப்பனுக்கு மட்டும் தெரியும். என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. நிற்கிற இடத்தில் படிக்கட்டு ஏதாவது சுவரோரமோ கல் மேடையோரமோ வரும்படி வண்டியை ஒட்டி நிறுத்துவார். எனக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போன நாட்களும் உண்டு. வந்தால் அந்த நிமிடமே போக வேண்டும். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும், "ரேடியேட்டர் சூடாயிருச்சு" என்று சத்தமாகச் சொல்லிப் புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டுவார். நல்ல மனிதர். புதுச்சத்திரத்தில் அன்று அவர் எவ்வளவோ வாதாடினார். டிரைவர் சொல்லைப் போலீஸ்காரர் எங்கே கேட்கிறார்?

வேலை போன பிறகு ஊர் என்னை விதவிதமாகப் பேசியது. குடிகாரன் என்பது ஒன்று. கால் மரத்துப்போனது வெளியே தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மரத்துப்போனால் குஷ்டம் என்பதுதான் அன்றைய ஞானம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் குடத்துக்கு அடுத்து அவர்கள் குடத்தை வைப்பதை நிறுத்தினார்கள். எங்கள் மகள் ஜெயராக்கினி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அவளை யாரும் தூக்குவதில்லை.

பங்குச் சாமியார் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டு, இனிமே தொட மாட்டேன்னு மாதா முன்னால சொல்லிடு மகனே." செய்யாத பாவத்தை எப்படிச் சங்கீர்த்தனம் செய்வது? தொடாததை எப்படி விடுவது? முழங்காலிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. சாமியார் என்னைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. குடிகாரனைப் பார்க்கிற இரக்கம்.

வெந்நீர்

ஒரு சனிக்கிழமை காலை அருளாயி எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். உடம்பு சூட்டினால்தான் நரம்பு இழுக்கிறது, எண்ணெய் தேய்த்து வெந்நீர் விட்டால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்டா நிறையக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

ஊற்ற ஊற்ற என் உடம்பு என்னை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் கால், பிறகு கை. இடது கண்ணில் பழைய பனி மறுபடி இறங்கியது. "போதும்" என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. முக்காலியிலிருந்து நனைந்த துணி மாதிரிச் சரிந்தேன்.

அருளாயி கூச்சல் போடவில்லை. என்னைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஈரத் துணியால் தலையைத் துடைத்து, முறத்தால் விசிறினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. கையை மடக்க முடிந்தது. பொழுது ஏறுவதற்குள் எழுந்து நின்றேன்.

அவள் என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எந்திரிச்சதுல இருந்து நீங்க என்ற கண்ணு முன்னாலதான இருக்கறீங்க?"

"ஆமா."

"அப்ப இது வேற என்னமோ. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

டாக்டரம்மா

சேலத்திலிருந்து ரயிலேறி வடக்கே போனால் ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. செல்லப்பன் ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிட்டார். மகளை அருளாயியின் தங்கை வைத்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்தவர் மலையாள தேசத்து டாக்டரம்மா. நெற்றியில் விழுந்த நரைமுடியை அடிக்கடி ஒதுக்கிக்கொள்வார். பயப்பட வேண்டாம் என்பதை "பேடிக்க வேண்டாம்" என்பார். முதலில் பஞ்சால் காலைத் தடவினார், பிறகு குண்டூசியால் குத்தினார். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளிய துள்ளலில் அவர் சுத்தியலே கை நழுவியது. உள்ளங்காலில் சாவியால் கீறி, பெருவிரல் மேலே வளைவதை உன்னிப்பாகப் பார்த்தார்.

பிறகு இருட்டறைக்கு அழைத்துப் போனார். ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்குள் பாய்ச்சி, என் மூச்சும் அவர் மூச்சும் மோதுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"இந்த இடது கண்ணு எப்பவாவது மங்கிப் போச்சா?"

நான் திகைத்துப் போனேன். அதை நான் சொல்லவே இல்லை. கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன்.

"ஆமாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால. தானாவே சரியாப் போச்சுங்க."

"சரியாச்சு. ஆனா தழும்பு உள்ளே இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. இத்தனை நாள் நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. என் கண்ணின் அடியில் ஒரு சாட்சி சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அருளாயி வெந்நீர்க் கதையைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். தலை குனிந்தால் மின்சாரம் ஓடியதையும் அவராகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தலைவலியோடு மல்லாந்து கிடந்தேன். சில நாள் கழித்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஊர்ல மோட்டார் பம்பு செட்டு வந்தாச்சா?"

"வந்துருச்சுங்க. எங்க மொதலாளி தோட்டத்துலயே இருக்குதுங்க."

"கரண்டு போற கம்பிக்கு மேலே ஒரு உறை இருக்கும் இல்லையா? அங்கங்கே எலி கடிச்சா என்ன ஆகும்? மோட்டார் நல்லாத்தான் இருக்கும். கிணத்திலே தண்ணியும் இருக்கும். ஆனா ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. உங்க மூளையிலேயும் முதுகுத்தண்டிலேயும் நரம்புக்கு மேலே உள்ள உறை அங்கங்கே கெட்டிருக்கு. சில இடம் ஆறும், வேற இடம் கெடும். கண்ணு நரம்புலே வந்தா கண்ணு, கால் நரம்புலே வந்தா காலு. சூடு பட்டா இன்னும் மோசம். குளிர்ந்தா பழையபடி ஆகும்."

அதற்கு ஒரு பெயர் சொன்னார். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். வெள்ளைக்காரர் தேசங்களில் அதிகமாம். நம் பக்கம் அபூர்வம், அதனால் யாருக்கும் தோன்றியிருக்காது, யாரையும் குறை சொல்லாதீர்கள் என்றார். ஏன் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாதாம். குணப்படுத்த மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. சில காலம் நன்றாக இருக்கும், சில காலம் தள்ளும். கால் இன்னும் பலவீனமாகலாம். பல வருடம் இப்படியே ஓடவும் ஓடலாம். களைப்பு வந்தால் சோம்பல் என்று நினைத்து உடம்பை விரட்டக் கூடாது, படுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். இல்லை. மருந்தில்லாத நோவு என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பெயர் இருக்கிறது. இதே நோவு எங்கோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத யாருக்கோ இருக்கிறது. நான் பைத்தியம் இல்லை.

"குஷ்டமில்லீங்களே? கொழந்தைக்கு ஒட்டாதுங்களே?" என்று அருளாயி கேட்டாள்.

"குஷ்டமில்லை. யாருக்கும் ஒட்டாது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்."

அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், மெல்லக் கேட்டாள்.

"அப்ப… இவரு ஒரு நாளுங்கூடக் குடிக்கலீங்களா?"

டாக்டரம்மா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும், "இல்லை மகளே. இந்த ஆளு குடிச்சதே இல்லை" என்றார், அவரே கூட இருந்து பார்த்தது போல.

அருளாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சட்டை துவைக்கிற போதெல்லாம் முகர்ந்து பார்த்திருக்கிறாள். ஒன்றும் வாடை இல்லையே என்று நினைத்த மனது, அப்புறம் ஏன் தள்ளாடுகிறார் என்றும் நினைத்திருக்கிறது. இதை அவள் ரயிலில் திரும்பி வரும்போது சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் போலவே அவளும் தனியாக ஒன்றைச் சுமந்திருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பேரும் இறக்கி வைத்தோம். அவளுக்கு அந்த நோவின் பெயர் வாயில் நுழையவில்லை. "முட்டிப்பில் சிக்கிலி" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

எருமப்பட்டியில்

சேலத்தில் இறங்கி மகளைத் தூக்கிக்கொண்டதும், நேராக முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று அருளாயி பிடிவாதம் பிடித்தாள். வேலை கேட்பதற்காக இல்லை. அவர் மனதில் நாம் தப்பாக இருக்கக் கூடாது என்றாள்.

நாச்சிமுத்து முதலாளி தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். அவர் வீட்டு அம்மா ஜெயராக்கினியைப் பார்த்துவிட்டு, எடுக்கலாமா என்பது போலத் தயங்கி நின்றார்.

அருளாயி பம்பு செட்டுக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், எலி உட்பட. முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கொணமாகுமா?"

"முழுசா ஆகாதுங்களாம். வருமாம், போகுமாம்."

"உசுருக்கு?"

"ஒடனே ஒண்ணும் பயமில்லீங்களாம்."

"ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க."

"குடியில்ல?"

"இல்லீங்க. ஒரு நாளும் இல்லீங்க."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பறம் என்னதான் சாமி கஷ்டம்? உக்காந்து வேல செய்ய முடியுமல்ல?" என்றார்.

நான் அருளாயியைப் பார்த்தேன். அருளாயிதான், "முடியுமுங்க" என்றாள்.

அதற்குள் அந்த அம்மா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெல்லக்கட்டி கொடுக்க வீட்டுக்குள் போயிருந்தார்.

நாமக்கல் ஸ்டாண்டில்

அடுத்த மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தேன். ஓட்டுச் சார்ப்பு, ஒரு மேசை, ஒரு நாற்காலி. வெயில் ஏறினால் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். வண்டிகள் வருவதையும் போவதையும் எழுதிக்கொண்டு பல வருடம் அங்கேதான் இருந்தேன். நன்றாக இருந்த காலங்கள் உண்டு. மாதக்கணக்கில் படுத்த காலங்களும் உண்டு.

முதல் நாள் மத்தியானம் அருளாயி சோறு கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ எதிர்ப்பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். நடுவில் பெரிய மைதானம், நிறைய வண்டிகள், நிறைய ஜனம். நான் எழுந்தேன். கால் ஆடியது. திரும்பிப் பார்த்தவர்களில் என் பழைய பயணிகளும் இருந்தார்கள்.

அருளாயி வந்து என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் புருஷனும் பொண்டாட்டியும் தெருவில் போனால் நாலடி முன்பின்னாகத்தான் போவார்கள். பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டு நடுவே கை கோத்து நடப்பதை நாமக்கல் அதற்கு முன் பார்த்திருக்காது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"விடு அருளாயி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க" என்றாள் அவள், பிடியை இறுக்கிக்கொண்டு. "நீங்க உழுந்தா அவங்களா தூக்கப் போறாங்க?"

நடந்தோம். நன்றாகவே தள்ளாடினேன்.